பீடி, சிகரெட் பக்கத்துல வாழ்ந்தவங்க சொல்லுங்க

ஆலங்குளம்:

எங்க அம்மா ஒரு பீடி கூட வாயில வச்சது கிடையாது. போன மாசம் இருமலுக்குக் காட்டப் போனப்ப, டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா பீடி குடிக்கீங்க?" அம்மாவுக்குச் சிரிப்பு. "நாப்பது வருஷமா சுத்துதேன் சார். குடிச்சதில்ல."

எங்க பக்கம் தெருவுக்கு நாலு வீட்டுல பீடித்தட்டு இருக்கும். இலையை நனைச்சு, அளவா வெட்டி, தூள் வச்சு உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கணும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தா ஆயிரம். ஆயிரம் முடியணும்னா, சமையல் போக மிச்ச நேரம் பூரா தட்டு மடியிலதான். தார்சாவுல அம்மா சுத்துவா, பக்கத்துலயே நாங்க வீட்டுப்பாடம் எழுதுவோம். தூள் நெடி சாப்பிடும்போதும் மூக்குல நிக்கும்.

அப்பாவுக்குப் பீடி வீட்டுலயே கிடைச்சுது. கணக்குக்கு மேல சுத்துனதை எடுத்துக்குவார். காசு கொடுத்து வாங்கணும்னு இருந்திருந்தா இவ்வளவு குடிச்சிருப்பாரான்னு தெரியல.

தம்பிக்கு வீசிங். மழைக்காலம் வந்துட்டா ராத்திரி பூரா அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு அம்மா நடப்பா. அப்பா நெசமாவே கலங்கிப் போவார். கலங்கிப்போய் வாசப்படியில உக்காந்து ஒண்ணு பத்த வைப்பார். காத்து உள்பக்கமா அடிக்கும்.

அவர் மோசமான மனுசன் இல்ல. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குன்னு வந்த உதவித்தொகையிலதான் நான் படிச்சேன், அதனால பீடியைத் திட்டவும் எனக்கு முழுசா வாய் வராது. ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். பிள்ளை மூச்சுக்கு இழுக்கதைக் கண்ணால பார்த்துக்கிட்டே எப்படி பத்த வைக்கத் தோணுது? குடிச்சவங்க யாராவது சொல்லுங்க, திட்ட மாட்டேன்.

சென்னை:

அக்கா, நான் சொல்றேன். 11 வருஷம் குடிச்சவன். விட்டு மூணு வருஷம் ஆகுது.

முதல் வேலை, நைட் ஷிஃப்ட். ராத்திரி மூணு மணிக்குச் சும்மா எழுந்தா "எங்க போற?"ன்னு கேப்பாங்க. "தம் அடிச்சிட்டு வர்றேன்"னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதுவுமில்லாம டீம் லீடர் நின்னு பேசுறது கீழ டீக்கடையிலதான். யாருக்கு என்ன வேலைங்கறது பாதி அங்கேயே முடிவாகிடும். ஆக, எனக்கு சிகரெட் முதல்ல வெளிய போறதுக்கு ஒரு பர்மிஷன் சீட்டு, அவ்வளவுதான். புகையோட ருசி எனக்கு ஆகவே இல்ல, கசந்தது.

அப்புறம் உடம்பு பழகிடுச்சு. இழுத்த பத்து இருபது செகண்டுல நிகோடின் மூளைக்குப் போயிடும். சுமார் ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதியா குறைஞ்சிடும். குறையக் குறைய எரிச்சல், கை பரபரப்பு, எதுலயும் மனசு நிக்காது. அடுத்ததை இழுத்ததும் அடங்கும். சிகரெட் டென்ஷனைக் குறைக்குதுன்னு சத்தியமே பண்ணியிருக்கேன். முந்தின சிகரெட் கிளப்பிவிட்ட டென்ஷனைத்தான் அடுத்தது அடக்குதுன்னு புரிய பத்து வருஷம் பிடிச்சது.

உங்க அப்பா விஷயமும் இதுதான்னு நினைக்கிறேன். பையன் இழுக்கறதைப் பார்த்தா பதற்றம். பதற்றத்துக்கு அவர் கைக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது. பாசம் இல்லாம இல்லக்கா.

நான் பால்கனியிலதான் குடிப்பேன், வீட்டுக்குள்ள வராதுன்னு நம்பிக்கிட்டு. வாயில ஹால்ஸ் வேற. மகளுக்கு ஆறு மாசம் இருக்கும்போது தோள்ல சாய்ச்சா முகத்தைத் திருப்பிக்குவா. என் மனைவி ஒண்ணும் பேசல, நான் கழட்டிப் போட்ட சட்டையை எடுத்து என் மூக்குக்கிட்ட நீட்டினா. நெடி துணியில, முடியில, சோபாவுலகூட ஏறி இருக்கு. எனக்குத்தான் தெரியல.

மதுரை:

பஸ்ல முன் சீட்டு ஆளு பத்த வச்சார். பக்கத்துல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. அணைங்கண்ணேன்னு சொன்னதுக்கு, "ஜன்னலுக்கு வெளியதானப்பா விடுறேன்"னார். அவ்வளவும் எங்க மூஞ்சியிலதான் அடிச்சது. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினப்புறம்தான் அணைச்சார். அவரைவிட, வாயைத் திறக்காம உக்காந்திருந்த பத்து பேர் மேலதான் எனக்குக் கோவம்.

ஈரோடு, டீக்கடை:

நான் குடிக்கறதில்லைங்க, விக்கறேன். சிகரெட்ல லாபம் சொற்பந்தான். ஆனா அதுக்கு வர்றவங்கதான் நின்னு டீ குடிக்கறாங்க, நிறுத்திப்புட்டா யாவாரம் பாதி படுத்துக்கும்.

2008 அக்டோபர் 2-ல இருந்து பொது இடத்துல குடிச்சா 200 ரூபா அபராதம்னு சட்டம். பலகை மாட்டியிருக்கறனுங்க. அந்தப் பலகை தொங்கற தூண்லதான் ரொம்ப நாளா பத்த வைக்கற கயிறும் புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

பாக்கெட்டுல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் எழுத்தும் போடோணும்னு 2016-ல வந்துச்சுங்களே, அதைப் பார்த்துட்டு ஒருத்தராவது விட்டிருப்பாங்களான்னு என்னைக் கேட்டா சிரிப்பேன். என்ற கடையில முக்காவாசிப் பேரு ஒண்ணு ரெண்டுன்னு லூஸ்ல வாங்கறவங்க. பாக்கெட் என் கையில இருக்குதுங்க. அந்தப் படத்தை நாள் பூரா பார்க்கறவன், குடிக்காத நான் ஒருத்தன்தான்.

ஆலங்குளம்:

சென்னைத் தம்பி எழுதினதை நேத்து அப்பாகிட்ட போன்ல வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டார், "அந்தப் பய எப்படி விட்டானாம்?"

சென்னை:

மூணு தடவை விட்டு மூணு தடவை தோத்தேன்க்கா, முதல் தடவை 19 நாள். நாலாவது தடவை, புகையிலையை விட உதவி பண்ற அரசாங்க நம்பர் 1800 11 2356-க்குப் போன் பண்ணினேன். இலவசம்தான். முதல் வாரம் தூக்கமே வராது, மலச்சிக்கல் வரும், பார்க்கறவங்க மேலெல்லாம் எரிஞ்சு விழுவோம்னு முன்னாடியே சொல்லிடுங்க. நம்பர் பாக்கெட் மேலயே போட்டிருக்கும், அப்பாவைப் பார்த்துக்கச் சொல்லுங்க.

ஆலங்குளம்:

அவருக்கு ஏது தம்பி பாக்கெட்? இப்பவும் அம்மா தட்டுல இருந்துதான் எடுக்கார். நம்பரைப் பெரிய எழுத்துல எழுதி தட்டுல ஒட்டச் சொல்லியிருக்கேன்.