உதவி செய்தால் ஸ்டார்: நிறுத்தச் சொல்லலாமா?

மன்னார்குடி அம்மா:
என் மகள் யுகேஜி படிக்கிறாள். யாருக்காவது உதவினால் வகுப்புச் சுவரில் இருக்கும் சார்ட்டில் பெயருக்கு நேராக ஸ்டார் ஒட்டுகிறார்கள். பத்து சேர்ந்தால் பென்சில் பாக்ஸ். போன வாரம் அப்பாயி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடும்மா என்றால், "கொடுத்தா என்ன தருவீங்க?" என்கிறாள். முன்பெல்லாம் சொல்லாமலே எடுத்துக் கொடுத்த பிள்ளை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை நிறுத்தச் சொல்லப்போகிறேன்.

வலங்கைமான் ஆசிரியர்:
அவசரப்படாதீங்கம்மா. நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து வயலில் ஆட்டுக் கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த, ஆடு மேய்க்கும் கீதாரி வீட்டுப் பையன் ஒருவன் எங்களிடம் சேர்ந்தான். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, ஓடிப்பிடித்து விளையாடவும் சேர்க்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அவனைச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு ஸ்டார் என்றேன். அன்றைக்கே கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் ஸ்டாரை எல்லாரும் மறந்துவிட்டார்கள், விளையாட்டு நிற்கவில்லை.

அங்கன்வாடி அக்கா, திருத்துறைப்பூண்டி:
சார், கோபப்படாம கேளுங்க. தன்னோடு விளையாடினா ஸ்டார்னு அந்தப் பையனுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

உதவுற குணம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கு. வார்னெக்கன், தோமசெல்லோன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. துணி காயப்போடுறவர் கிளிப்பைக் கீழே விட்டுட்டு எட்டாம கையை நீட்டுவார். பார்த்துக்கிட்டிருக்கிற 18 மாதக் குழந்தைகளில் பல பேர், பரிசும் இல்லாம பாராட்டும் இல்லாம, எடுத்துக் கொடுத்தாங்க. 2008-ல் அதே ரெண்டு பேர் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தாங்க. உதவினதுக்குப் பொருள் வாங்கிப் பழகின குழந்தைகள், பொருள் நின்றதும், எதுவுமே வாங்காதவங்களைவிடக் குறைவா உதவினாங்க. உங்க மகள் கேட்டதும் இதுதான்மா.

வலங்கைமான் ஆசிரியர்:
அந்த ஆய்வை முழுசாச் சொல்லுங்க. வாயால் பாராட்டு வாங்கின குழந்தைகளிடம் உதவி குறையவில்லை. ஸ்டார் என்பது பாராட்டுதானே? 20 மாதக் குழந்தைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு போட முடியாது.

மன்னார்குடி அம்மா:
பென்சில் பாக்ஸ் பாராட்டில்லை சார், கூலி. ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவள் துணியை எடுத்தாள், மிஸ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள், அவர் நிமிர்ந்த பிறகுதான் குனிந்து துடைத்தாள்.

வேதாரண்யம் அப்பா:
கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை எங்க பக்கம் கரையைக் கடந்தது. அப்புறம் நாள்கணக்கா கரண்ட் இல்லை. தெருவா சேர்ந்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாத் தள்ளிக்கிட்டுப் போய் மோட்டார் போட்டு டேங்க் நிரப்பினோம். என் மகனுக்கு அப்போ அஞ்சு வயசு. எந்த வீட்டில் இன்னும் தண்ணி ஏறலைன்னு ஓடி ஓடிப் பார்த்துச் சொல்ற வேலை அவனுக்கு. வயசான ஆத்தா வீட்டை முதல்ல பாருங்கன்னு அவனேதான் சொன்னான். பெரியவங்க செய்யறதைப் பிள்ளைங்க பார்க்கணும், அதுங்க கையிலயும் நெசமான வேலை கொடுக்கணும்.

வலங்கைமான் ஆசிரியர்:
ஊரே கூடி நின்ற நேரம் அது தம்பி. அப்படி ஒரு நேரம் வரும்வரை வகுப்பில் காத்திருக்க முடியாது. என் வகுப்பில் அந்தக் கீதாரி வீட்டுப் பையன் தனியா உட்கார்ந்திருந்தானே, அன்றைக்கே யாராவது பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது.

அங்கன்வாடி அக்கா, திருத்துறைப்பூண்டி:
அதுக்கும் வழி உண்டு சார். காலை உணவு நேரத்தில் தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையை அவனுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுங்க. அடுத்த வாரம் கூட்டாளியை மாற்றுங்க. எல்லாரும் அவன் கையிலிருந்து தட்டு வாங்குவாங்க. அவனுக்கு உதவணும்னு சொல்றதைவிட, அவனும் உதவுறவன்னு மற்றவங்க பார்க்கிறது நல்லது.

வலங்கைமான் ஆசிரியர்:
தட்டு யோசனையைச் செய்கிறேன். சார்ட்டை எடுக்க மாட்டேன். வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்காத பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தங்கள் பெயருக்கு நேரே ஸ்டார் ஒட்டினால் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

மன்னார்குடி அம்மா:
சரி சார், எங்கள் பள்ளியிலும் சார்ட் இருக்கட்டும். பென்சில் பாக்ஸை நிறுத்தச் சொல்கிறேன். ஸ்டார் ஒட்டும்போது "நீ துடைச்சுக் கொடுத்ததாலதான் அவ அழுகையை நிறுத்தினா" என்று காரணத்தை மிஸ் சொல்ல வேண்டும் என்றும் கேட்பேன். இதே பள்ளிப் பெற்றோர் யாராவது இருந்தால் கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து பேசுவோம்.