பள்ளிக்கூடத்துக்கு எதிரே கூல்டிரிங்க்ஸ் போர்டு: யாரிடம் சொல்வது?

டியூஷன் அக்கா:
சென்னை கண்ணகி நகரில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எங்கள் தெருக்களில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கூல்டிரிங்க்ஸ், இல்லாவிட்டால் பான் மசாலாவின் அதே பெயரில் கம்பெனி போடும் ‘ஏலக்காய்’ விளம்பரம். (அந்த ஏலக்காயை யாரும் பாயசத்தில் போடுவதில்லை.) ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிகளின் மதில்களில் இப்படி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதன்முதலாக எழுத்துக்கூட்டித் தானே வாசித்தான். பாடப்புத்தகத்தை அல்ல, பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் கடையின் போர்டை. இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?

ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர்:
உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்தவற்றைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விளம்பரம் செய்யக் கூடாது. புகையிலைக்கு 2003 சட்டம் இருக்கிறது. கடையில் 60-க்கு 45 செ.மீ. பலகை வைக்கலாம், அதிலும் பிராண்ட் பெயர் கூடாது. ‘ஏலக்காய்’ என்று எழுதிவிட்டால்தான் பிடி நழுவுகிறது. தூரத்தை அளந்து, போட்டோவோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

பெட்டிக்கடைக்காரன்:
சரி சார், எங்கள் பக்கமும் கேளுங்கள். என் கடைக்குப் போர்டும் ஃப்ரிட்ஜும் கம்பெனி கொடுத்தது. அதில் மோர் பாக்கெட் வைத்தால் சேல்ஸ்மேன் முகம் சுளிப்பார். சுவர் விளம்பரமும் அப்படித்தான், வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் பெயிண்ட். கழற்றச் சொன்னால் கழற்றுவேன். புதுப் போர்டுக்கு யார் காசு தருவது?

ஈஸ்ட்ஹாம்வாசி:
லண்டனில் 2019 பிப்ரவரியிலிருந்து ட்யூப் (சுரங்க ரயில்), பஸ் எல்லாவற்றிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களின் விளம்பரங்களுக்குத் தடை. தடை இல்லாமல் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிட, ஒரு குடும்பம் வாரத்துக்குச் சுமார் 1,000 கலோரி குறைவாக இந்த வகைப் பண்டங்களை வாங்கியதாக 2022-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் கம்பெனிகள் போய்விடவில்லை. சர்க்கரை இல்லாத சரக்கின் படத்தோடு அதே பெயர் வருகிறது. விதி எழுதும்போதே பிராண்ட் பெயரையும் தடையில் சேர்க்க வேண்டும்.

டியூஷன் அக்கா:
டேப் வைத்து அளந்தேன், 31 மீட்டர். மனு எழுதிவிட்டேன். அப்புறம், கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடை அக்காவிடம் பேசினேன். போர்டை எடுக்கச் சம்மதம்தான், ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மாணவியின் அப்பா பெயிண்டர். ஞாயிற்றுக்கிழமை வந்து கடை அக்காவின் பெயரிலேயே போர்டு எழுதித் தருகிறார்.