உதவி: ஓசிஆர் செய்த புத்தகத்தில் எழுத்துகள் காதில் விழவில்லை (அவசரம்)

வேலந்தாவளத்தான்:
வணக்கம். பார்வையில்லாத ஒரு எம்.ஏ. மாணவிக்காகத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து, ஓசிஆரில் (படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தோம். திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனால் கணினிக் குரல் வாசிக்கும்போது "உணவு" என்ற சொல் அவளுக்கு "வு" என்று மட்டும் கேட்கிறதாம். நிறைய இடங்களில் இப்படித்தான். திங்கள்கிழமை செமினார். யாராவது சொல்லுங்கள்.

பைண்டிங் பசை:
எந்த ஓசிஆர்? எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? ஸ்கேனரா, போனில் எடுத்த படமா? அவர் எதில் கேட்கிறார்? ஒன்றும் சொல்லாவிட்டால் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தும்பிக்கை:
பழைய அச்சாக இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட வடிவம். ஓசிஆர் அதில் தடுமாறும். அச்சான ஆண்டு என்ன?

எழுத்தெண்ணி:
"உணவு"வில் தும்பிக்கை எங்கே ஐயா இருக்கிறது? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் போடலாம். கேட்டவருக்கு: 300 டிபிஐக்குக் கீழே எடுத்துவிட்டு வந்து புலம்புவது வாராவாரம் நடக்கிறது. முதலில் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

காதால் படிப்பவன்:
நான் என்விடிஏ (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துப் படிக்கிறவன். பார்வையுள்ளவர்கள் திருத்திய கோப்பில் வழக்கமாக மாட்டுவது "பாட்டு" "பரட்டு" ஆவதுதான். காலுக்குப் பதில் ர விழுந்திருக்கும். கண் தாண்டிப் போய்விடும், காது விடாது. எழுத்தே காணாமல் போகிறது என்றால் வேறு சங்கதி. கோப்பில் "உணவு" என்று நீங்களே தட்டித் தேடிப் பாருங்கள் தம்பி.

சும்மா கேட்கிறேன்:
அது இருக்கட்டும், பதிப்பாளரிடம் அனுமதி வாங்கியாயிற்றா?

பைண்டிங் பசை:
வேண்டியதில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு மாற்ற விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சும்மா கேட்கிறேன்:
அப்படியானால் வகுப்பு வாட்ஸ்அப்பிலும் போடலாமே?

பைண்டிங் பசை:
போடக் கூடாது. விலக்கு அவருக்கு, வகுப்புக்கு இல்லை. பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதலில் ஏற்ற நாடே நாம்தான், இன்னும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தெண்ணி:
வக்கீல்கள் வெளியே போய்ப் பேசலாம்.

வேலந்தாவளத்தான்:
அண்ணா, தேடினேன். சொல் கண் முன்னால் கிடக்கிறது, கணினி இல்லை என்கிறது!

காதால் படிப்பவன்:
நினைத்தேன். வேலந்தாவளம் என்றால் பாலக்காட்டுப் பக்கம்தானே? ஓசிஆரில் மலையாளமும் சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். உ, ண இரண்டுக்கும் மலையாளத்திலும் கிட்டத்தட்ட இதே உருவம் என்று என் தங்கை சொல்வாள். உருவம் ஒன்றானாலும் கணினிக்கு அவை வேறு எழுத்துகள். அவளுடைய தமிழ்க் குரலுக்கு அது புரியாமல் தாண்டியிருக்கும்.

வேலந்தாவளத்தான்:
அதேதான்! எங்கள் ஓசிஆர் டெசராக்ட். இதே கணினியில் போன மாதம் மலையாளப் புத்தகம் செய்தார்கள், இரண்டு மொழியும் அப்படியே கிடந்தது. எங்களுக்கு இரண்டும் படிக்க வருவதால் கண்ணில் படவே இல்லை. தமிழ் மட்டும் வைத்து மறுபடி ஓட்டுகிறேன்.

தும்பிக்கை:
ஆண்டை இன்னும் சொல்லவில்லை.

வேலந்தாவளத்தான்:
40 பக்கம் அனுப்பினேன், "உணவு" கேட்கிறதாம். நன்றி அண்ணா. தும்பிக்கை ஐயா, 1971. லை வருகிற இடமெல்லாம் குப்பைதான், கையால் திருத்திக்கொண்டிருக்கிறோம்.