அம்மாவின் நித்திரை: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஸ்கேனும் நல்லபடி வந்த பிறகும் அம்மா இரவில் திடுக்கிட்டு எழும்புகிறார், ஸ்பிரிட் மணம் பட்டாலே சத்தி எடுக்கிறார் என்று. நீங்கள் சொன்னபடி 1926க்கு, அதுதான் தேசிய மனநல உதவி இலக்கம், கோல் எடுத்தேன். அப்புறம் திருகோணமலையிலேயே மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

உயிரைப் பயமுறுத்திய நோயும் போரைப் போல மனதைக் காயப்படுத்தும், கீமோ நேரத்து மணத்தை உடம்பு மறக்காது, இது பலவீனமில்லை என்று டாக்டர் சொன்னபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "சுகமாகிட்டுது தானே, பிறகென்ன அழுகை" என்ற சொந்தக்காரருக்கு இனி நானே பதில் சொல்வேன்.

அடுத்த ஸ்கேன் திகதி நெருங்க நெருங்கப் பயம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் நேற்று டச்சுக்குடாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, அலை கணுக்காலில் அடிக்க அடிக்க, அரை மணித்தியாலம் நின்றார்.