பாறைக்குன்று ஏற ஷூவா, வெறுங்காலா?

(குன்று ஏறும் மூன்று பேரின் உரையாடல். கருங்கல், ஆவாரங்காடு, சுனையோரம் என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

கருங்கல்: கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றி யார் கேட்டாலும் "டிரெக்கிங் ஷூ வாங்குங்க" என்கிறார்கள். தப்பு. அந்த ஷூவின் அடியில் உள்ள தடித்த கட்டைகள் சேற்றைக் கடிக்கத்தான். மொட்டைப் பாறையில் கட்டைகளின் நுனி மட்டுமே தொடும். சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சுனை வரை படி இருக்கு. அதற்கு மேல் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் வரை சரிவுதான். அங்கே வெறுங்கால்தான் பிடிக்கும். முழுப் பாதமும் பதியும், எந்த இடம் ஆடுகிறது என்பதும் காலுக்கே தெரியும்.

ஆவாரங்காடு: பாறை வரைக்கும் எப்படிப் போவீங்க அண்ணே? அடிவாரம் முழுக்க உடைமுள், சூரைமுள். போதாததற்கு உடைந்த மது பாட்டில்கள். இதுதான் இன்றைக்குப் பெரிய ஆபத்து. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீருக்கடியில் கண்ணாடிச் சில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. வெறுங்கால் யோசனையைப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லாதீங்க, பாவம்.

கருங்கல்: அடிவாரத்தில் செருப்பு போடுங்க, சரிவில் கழற்றிப் பையில் வையுங்க. ரப்பர் செருப்போடு மட்டும் சரிவில் ஏறாதீங்க. பாதம் வியர்த்தால் செருப்புக்குள்ளேயே கால் திரும்பும், வார் பிடுங்கிக்கொள்ளும்.

சுனையோரம்: இரண்டு பேரும் நேரத்தை விட்டுட்டீங்க. பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கே பாறையில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் வெயில் சாய்ந்தாலும் கல்லுக்குள் ஏறிய சூடு உடனே இறங்காது. புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்க. பொறுக்க முடியாவிட்டால் வெறுங்கால் பேச்சே வேண்டாம். சூட்டில் கால் தானாகத் துள்ளும். சரிவில் அந்தத் துள்ளல்தான் ஆளை உருட்டும்.

ஆவாரங்காடு: அதோடு சுருட்டை விரியன். சின்ன உருவம், கல் நிறம், பொழுது சாய்ந்ததும் நடமாட்டம். கணுக்காலை மூடும் ஷூ இருந்தால் ஓரளவு தப்பலாம். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. காலை அசைக்காமல், நடக்க விடாமல், ஆளைத் தூக்கி இறக்கி 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

கருங்கல்: இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வழுக்கி விழுகிறவர்கள் பலர் காலணியால்தான் விழுகிறார்கள். சரளை மணல் ஷூவின் கெட்டியான அடிப்பாகத்துக்கும் பாறைக்கும் நடுவே சிக்கி சைக்கிள் பால்ரஸ் மாதிரி உருளும். வெறுங்கால் என்றால் மணல் உறுத்தும்போதே நின்றுவிடுவோம்.

சுனையோரம்: தட்டையான, மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட கேன்வாஸ் ஷூ போதும். சரிவுக்கு முன்னால் அடியைத் துடையுங்க. மழை பெய்திருந்தால் ஷூ, வெறுங்கால் இரண்டுமே வழுக்கும். தண்ணீர் ஓடும் கறுப்புத் தாரையில் பாசி இருக்கும், அதை மிதிக்காதீங்க. வெயிலிலும் மழையிலும் பாறையின் மேல்தோல் அடுக்கடுக்காகக் கழன்றிருக்கும். குதிகாலால் தட்டினால் 'டொக்' என்று வெற்றொலி கேட்கும். அந்தப் பொருக்கில் எடையை இறக்கக் கூடாது.

ஆவாரங்காடு: இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்வதுதான் வழுக்கக் காரணம். முழங்காலை லேசாக மடக்கி, உடல் எடை பாதத்துக்கு நேர் மேலே நிற்கும்படி, குறுக்கும் மறுக்குமாக இறங்கணும். இதற்கு ஷூதான் வசதி. நுனிவிரல் இடிக்காமல் கயிற்றைக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்க.

கருங்கல்: சமண முனிவர்கள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கை உள்ள குகைகளிலாவது ஷூவைக் கழற்றுங்க. மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் 2000 ஆண்டுக்கு மேல் பழையவை. ஷூ அடியில் ஒட்டிய சரளை வழவழப்பான படுக்கையைக் கீறும்.

ஆவாரங்காடு: அதற்கு மறுபேச்சே இல்லை அண்ணே. குகை வாசலில் கழற்றலாம். வெளிச் சரிவுக்கு ஷூ என்பதை மட்டும் விடமாட்டேன்.