மைதானத்தில் பார்த்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு தருணம்: பேஸ்பால் பைத்தியங்கள் மட்டும் வரவும்

ஸ்கார்பரோக்காரன்

2025 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்), எங்கட டொராண்டோ ப்ளூ ஜேஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் மோதின ஆறாவது ஆட்டம். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரே விஷயத்துக்கு வாறேன். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 3-1 முன்னால். முதல் பேஸில் எங்கட ஸ்ட்ரா. பார்ஜர் அடித்த பந்து இடது பக்கச் சுவரை நோக்கிப் பறக்குது, எங்கட பகுதி முழுக்க கதிரைக்கு மேலே ஏறி நிக்குது. டாட்ஜர்ஸ் சென்டர் ஃபீல்டர் டீன் ஓடி வந்தவர், பந்தை எடுக்காமல் இரண்டு கையையும் தூக்கினார்.

பந்து சுவர் மெத்தையின் அடியில் செருகிக்கொண்டது! பார்ஜர் அதைக் கவனிக்காமல் ஹோம் வரைக்கும் ஓடியே வந்துவிட்டார். அம்பயர்கள் டபுள் என்று சொல்லி அவரை இரண்டாவது பேஸுக்கும் ஸ்ட்ராவை மூன்றாவதுக்கும் திருப்பி அனுப்பினார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெடியன் ஒருத்தன், "கை என்ன சுளுக்கா? எடுத்து எறியன்டா!" என்று டீனைப் பார்த்துக் கத்தினான். அவன் கத்தினது நியாயம்தான். கையை விட்டால் வந்திருக்கும் பந்து.

அடுத்த நாள் ஏழாவது ஆட்டத்தில் பதினோரு இன்னிங்ஸ் போய் 5-4 என்று தோற்றோமே, அது கூட எனக்கு இப்படி எரியவில்லை. 1993-இல் ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்து கோப்பையை வாங்கித் தந்ததற்குப் பிறகு இந்த ஊர் அவ்வளவு காலம் காத்திருந்தது, கடைசியில் ஒரு மெத்தை தடுத்துவிட்டது.

ஓக்லாந்துக்காரி

உங்களுக்காவது அடுத்த சீசன் இருக்கிறது அண்ணா. எங்கள் அத்லெடிக்ஸ் ஊரை விட்டே போய்விட்டது, எங்களுக்கு டீமே இல்லை.

2024 செப்டம்பர் 26, எங்கள் மைதானமான கொலிசியத்தில் கடைசி ஆட்டம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தோம். நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல் கூட்டம். எனக்கு மறக்காதது ஆட்டம் இல்லை. முன் வரிசையில் ஒருவர் சாக்ஸுக்குள் ஸ்பேனர் ஒளித்துக் கொண்டு வந்திருந்தார். எட்டாவது இன்னிங்ஸிலேயே குனிந்து சீட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. ஒரு காவலாளி வந்து நின்றார். போச்சு, இவரை வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்து போல்ட் கொஞ்சம் லூஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் கப் ஹோல்டர் மட்டும் கையோடு வந்தது. அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார் மனுஷன்.

இந்த ஊரில் கூட்டம் வராது என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு ஒன்று. 2023 ஜூன் 13-ஆம் தேதி, டீமை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்த உரிமையாளரை எதிர்த்து வேண்டுமென்றே மைதானத்தை நிரப்பினோம். 27 ஆயிரத்துச் சொச்சம் பேர், முக்கால்வாசிப் பேர் 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையில். கழித்துக்கட்டிவிட்ட ஒரு டீமுக்கு, அதுவும் செவ்வாய்க்கிழமை ராத்திரி! இப்போது அவர்கள் வெஸ்ட் சாக்ரமெண்டோவில் ஒரு மைனர் லீக் (கீழ்நிலை லீக்) மைதானத்தில் ஆடுகிறார்கள், ஊர்ப் பெயரைக்கூட முன்னால் போட்டுக்கொள்ளாமல். நான் பார்ப்பதில்லை. சரி, ஸ்கோர் மட்டும் பார்ப்பேன்.

பென்சில் தாத்தா

டெட்ராய்ட், 2010 ஜூன் 2. டைகர்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) கலாரகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியாச்சு, இன்னும் ஒருத்தர் என்றால் யாருமே பேஸுக்குப் போகாத 'பெர்ஃபெக்ட் கேம்'. 27-ஆவது ஆள் அடித்ததை கப்ரேரா எடுத்து வீசினார், கலாரகா ஓடிப் போய் பேஸில் கால் வைத்துப் பிடித்தார். அம்பயர் 'சேஃப்' என்று கையை விரித்தார். மேல் அடுக்கில் இருந்த எனக்கே அவுட் என்று தெரிந்தது. கலாரகா சண்டை போடவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை.

அது கிடக்கட்டும். ஸ்கார்பரோ தம்பி, டீன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பந்து சிக்கினால் இரண்டு பேஸ், அவ்வளவுதான் விதி. கையை விட்டு எடுத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்து நடக்கும், அதனால்தான் கையைத் தூக்கினார். நீங்கள் தோற்றது மெத்தையால் இல்லை. அதற்குப் பிறகும் ஆள் இரண்டிலும் மூன்றிலும், ஒரு அவுட்கூட விழவில்லை. கிளெமென்ட் முதல் பந்திலேயே மேலே தூக்கிக் கொடுத்து அவுட் ஆனார். அடுத்து ஹிமெனெஸ் அடித்த பந்தை டாட்ஜர்ஸ் இடது ஃபீல்டர் கிகே எர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், முன்னே ஓடிவிட்ட பார்ஜர் பேஸுக்குத் திரும்புவதற்குள் கதை முடிந்தது. சமன் செய்யும் ரன் அவர். பந்து தரையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட வேண்டாமா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மைதானத்துக்குப் போகிற எல்லாருக்கும். மூன்றாவது பேஸ் பக்கம் மேல் அடுக்கில் உட்காருங்கள். விலை குறைவு, நான்கு பேஸும் ஒரே பார்வையில் தெரியும். பென்சிலும் ஸ்கோர் அட்டையும் கொண்டு போங்கள், பேனா வேண்டாம், தீர்ப்பு மாறினால் அழிக்க முடியாது. பந்து மேலே போனதும் அண்ணாந்து பார்க்காதீர்கள், ரன்னரைப் பாருங்கள். அவர் ஓட்டத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். பீருக்கு ஐந்தாவது இன்னிங்ஸுக்கு முன்பே போய்விடுங்கள். 2023-இல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேரம் குறிக்கும் கடிகாரம்) வந்ததிலிருந்து, மூன்று மணி நேரம் தாண்டிய ஆட்டம் இரண்டே முக்கால் மணிக்குள் முடிகிறது, வரிசையில் நின்றால் ஒரு இன்னிங்ஸ் போச்சு. அந்தக் கடிகாரத்தைத் திட்டுகிற பழைய ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. பிட்சர் மண்ணைக் கிளறுவதையும் பேட்டர் கையுறையை அவிழ்த்துக் கட்டுவதையும் பார்க்கவா காசு கொடுத்தோம்? ஆனால் சமனாகி நீளும் ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஆளைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்களே, அது ஏமாற்று வேலை. உழைக்காமல் கிடைத்த பேஸ்.

ஹூஸ்டன் வாசி

ஏமாற்று வேலை என்றதும் என்னைப் பார்க்காதீர்கள். வெளியூர் மைதானம் ஒன்றில் எங்கள் ஊர் டீமான ஆஸ்ட்ரோஸ் தொப்பியோடு நடந்துகொண்டிருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்ததும் குப்பைத் தொட்டியை இரண்டு தட்டு தட்டினான். அவன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். 2017-இல் எங்கள் டீம் எதிரணியின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னது தப்பு, யார் இல்லை என்றார்கள்? அப்போது அந்தப் பையன் பிறந்தே இருந்திருக்க மாட்டான். அதற்காக அந்த வருஷம் ஜெயித்த வேர்ல்ட் சீரிஸ் கோப்பையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஸ்கார்பரோக்காரன்

தாத்தா, விதி எனக்கும் தெரியும், அதையா கேட்டேன்? மூன்றாவது பேஸ் பக்கம் மேல் அடுக்கு என்றீர்களே, அங்கேதான் இருந்தேன். பார்ஜர் ஓடினதையும் அங்கே இருந்துதான் பார்த்தேன், கிகே அவ்வளவு கிட்ட வந்து பிடிப்பார் என்று யார் நினைத்தது?

இரண்டாவது பேஸ் ஆள் விஷயத்தில் மட்டும் உங்கட கட்சி. பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கிற ஆட்டங்களில்) அந்தக் கூத்து இல்லை, அதனால்தான் இந்த சீரிஸின் மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. டாட்ஜர்ஸ் ஃப்ரீமன் அடித்து முடிக்கும்போது இங்கே விடியப்புறம் மூன்று மணி. தோற்ற கையோடு குளித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனேன்.