புதுப்பிப்பு: வாடிய வழுதலையும் அழுகிய பாகலும்

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு விளையில் (தோட்டத்தில்) பச்சையாக நின்ற வழுதலை, அதாவது கத்தரிச் செடிகள் திடீரென்று தொங்கிப்போகின்றன, பாகல் பிஞ்சிலேயே மஞ்சளாகி அழுகுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னார். பிடித்தேன், வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக இழை இழையாக இறங்கியது. பாக்டீரியா வாடல்தான். கிருமி மண்ணிலேயே கிடக்கும், ஓடுகிற தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் போகும், நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம், அதனால் இலையில் மருந்தடித்து ஒரு பயனும் இல்லை. வாடியதையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். அந்த இடத்தில் தக்காளியும் மிளகாயும் கூடாது, அவையும் ஒரே குடும்பம், அதே நோய் வரும். இப்போது பயறு போட்டிருக்கிறேன், நன்றாக ஏறுகிறது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு.

பாகலில் பழ ஈ. பிஞ்சு விட்டதும் காகிதக் கூடு மாட்டுகிறேன், விழுந்த காய்களை ஆழமாகப் புதைக்கிறேன். பொறி வைப்பவர்கள் ஈயை இழுக்கும் வாசனைப் பொருளாகக் கியூலூர் கேட்டு வாங்குங்கள், மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பாகல் ஈக்கு எடுபடாது.

அப்புறம், சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டிய வழுதலை நாற்று இந்த வாடலைத் தாங்கும். மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும், தெரிந்தால் சொல்லுங்கள்.